பூட்டியவன் திருடன், சாவி போலீஸிடம்

நம்மூர் காவல் நிலையங்கள் பலவற்றின் வாசலில் ஒரே மாதிரி காட்சி ஒன்று இருக்கும். வேப்பமரத்தடியில் வரிசையாகத் துருப்பிடித்த பைக்குகள், டயர் மண்ணில் புதைந்த ஆட்டோ, கண்ணாடி இல்லாத அம்பாசிடர். எல்லாம் "கேஸ் வண்டி". திருடனைப் பிடித்தாகிவிட்டது, வண்டியும் கிடைத்துவிட்டது. ஆனால் அது சாட்சியப் பொருள், வழக்கு முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வண்டிக்காரர் வெளியே நின்று தன் வண்டி மக்கிப் போவதைப் பார்க்க வேண்டியதுதான். இப்படி வைத்திருக்காதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2002-ல் சொன்னது. அதன் பிறகும் மரத்தடி காலியானதாகத் தெரியவில்லை.

இந்தப் பதிவு வண்டிகளைப் பற்றியது அல்ல, கணினிகளைப் பற்றியது. ஆனால் கேள்வி அதேதான். திருடனிடமிருந்து போலீஸ் ஒன்றைக் கைப்பற்றினால் அதை எப்போது, எப்படி உரியவரிடம் கொடுப்பது? கணினி உலகில் அந்தப் பொருள் ஒரு சாவி. சாவி என்றால் சில நூறு எழுத்துகளும் எண்களும்தான். பைக் மாதிரி இடத்தை அடைக்காது, நகல் எடுத்துக்கொண்டு அசலைக் கொடுத்துவிடலாம். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். படிக்கப் படிக்க, மரத்தடி வண்டியை விடச் சிக்கலான கதையாக இருக்கிறது.

முதலில் பூட்டு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். "ரான்சம்வேர்" என்பது உங்கள் கணினியில் புகுந்து, கோப்புகளை எல்லாம் சங்கேதமாக்கிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்று மிரட்டும் மென்பொருள். ஆளைக் கடத்தாமல் ஃபைலைக் கடத்துவது.

இது இணையக் காலத்துச் சரக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை. 1989 டிசம்பரில் லண்டனிலிருந்து சுமார் 20,000 ஃபிளாப்பிகள் தபாலில் போயின. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே லேபிள். ஒரு கணினிப் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கும் அனுப்பப்பட்டது. போட்டுப் பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. அது கணினியை எத்தனை தடவை ஆன் செய்கிறார்கள் என்று சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. 90-வது தடவையில் கோப்புகளின் பெயர்களைக் குழப்பி, ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, 189 டாலரை பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. (ஃபிளாப்பியும் மணியார்டரும்! அந்தக் காலத்து மிரட்டலுக்கும் ஒரு பொறுமை இருந்திருக்கிறது.)

லண்டனின் ஸ்காட்லாந்து யார்டு விசாரித்தது. ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் கைதாகி இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். விசாரணையைத் தாங்கும் மனநிலையில் இல்லை என்று 1991-ல் வழக்கு நின்றுபோனது. ஆக, போலீஸின் பங்கு ஆளைப் பிடித்ததோடு சரி. பூட்டைத் திறந்தது ஜிம் பேட்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளர். அவர் நிரலைப் பிரித்துப் பார்த்து, கோப்புகளை மீட்கும் புரோகிராம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அந்தச் சாவியும் ஃபிளாப்பிக்குள்ளேயே இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த மாதிரி.

இந்த ஓட்டையை அடைக்கும் வழியை 1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் எச்சரிக்கையாக விளக்கினார்கள். கையால் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டை நினைத்துப் பாருங்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்க மட்டும்தான் சாவி, அது வேறு ஊரில் இருக்கிறது. வைரஸுக்குள் திறந்த பூட்டை மட்டும் வைத்து அனுப்பினால் போதும், எந்த ஜிம் பேட்ஸ் வந்து பிரித்துப் பார்த்தாலும் உள்ளே சாவி கிடைக்காது. திருடனின் சர்வரில் மட்டும்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் போலீஸ் அவசியமாகிறது. பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர் வேலை. ஆனால் இன்னொருவன் சர்வரைக் கைப்பற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும், அது போலீஸால் மட்டுமே முடியும். சாவி போலீஸ் கைக்கு வரத் தொடங்கியது இப்படித்தான்.

2013 செப்டம்பரில் கிரிப்டோலாக்கர் வந்தது. 72 மணி நேரம் கெடு, 300 டாலர் பணம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை, யூரோபோல் எல்லாம் சேர்ந்து "ஆபரேஷன் டோவார்" என்ற பெயரில் அதன் வலையமைப்பை உடைத்ததை 2014 ஜூன் 2 அன்று அறிவித்தார்கள். அப்போது பிரிட்டிஷ் போலீஸ் மக்களிடம் சொன்னது: உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் கணினியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்று பார்க்க ஒரு வலைத்தள முகவரியையும் கொடுத்தார்கள். நாடே ஒரே நேரத்தில் போய் நின்றதில் அந்தத் தளம் படுத்துவிட்டது! தேர்வு முடிவு வெளியாகும் காலையில் நம்மூர் தளங்கள் படும் பாடுதான்.

இதில் சுவாரஸ்யமானது அடுத்து நடந்தது. வலையமைப்பு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும், அந்தக் கும்பல் தங்கள் சாவிக் கிடங்கின் நகலைப் பத்திரமான வேறு இடத்துக்கு அனுப்பப் பார்த்தது. அனுப்பிய வழியில் ஒரு பகுதி ஏற்கெனவே ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. நகல் நேராக அவர்கள் மடியில் விழுந்தது. 2014 ஆகஸ்டில் ஃபாக்ஸ் ஐ.டி., ஃபயர்ஐ என்ற இரு நிறுவனங்கள் ஒரு தளத்தைத் திறந்தன. பூட்டப்பட்ட ஒரு கோப்பை ஏற்றினால் அதற்கான சாவி மின்னஞ்சலில் வரும், காசு கிடையாது. சாவி நேராகப் பொதுமக்கள் கைக்குப் போனது. ஆனால் தளத்தின் வாசலில் இருந்தது தனியார் பெயர்ப் பலகை.

போலீஸ் தன் பெயரையே போட்டுக் கதவைத் திறந்தது நெதர்லாந்தில். காயின்வால்ட் என்று ஒரு ரான்சம்வேர். அதன் நிரலுக்குள் பிழையே இல்லாத டச்சு வாக்கியங்கள் இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர்கள் கவனித்தார்கள். டச்சு மொழியைப் பிழையில்லாமல் எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லையாம், ஆகவே எழுதியவன் உள்ளூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். (இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.) டச்சு போலீஸின் உயர்தொழில்நுட்பக் குற்றப் பிரிவு சர்வரைக் கண்டுபிடித்தது. கிடைத்த சாவிகளை 2015 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கியுடன் சேர்ந்து இணையத்தில் வைத்தது. கவனியுங்கள், அப்போது யாரும் கைதாகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஆமர்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் 18, 22 வயது இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். அதன்பின் மொத்தச் சாவிகள் 14,000-க்கு மேல் வெளியாயின. 2018-ல் நீதிமன்றம் ஆளுக்கு 240 மணி நேரச் சமூக சேவை விதித்தது. தண்டனை குறைவு என்று தோன்றலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை: முதலில் சாவி, பிறகு கைது, மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பு. மரத்தடி வழக்கம் அப்படியே தலைகீழாகிவிட்டது.

இந்த அனுபவத்தில்தான் 2016 ஜூலை 25 அன்று "நோ மோர் ரான்சம்" பிறந்தது. டச்சு போலீஸ், யூரோபோல், காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி என நால்வர் கூட்டு. கோப்பையும் மிரட்டல் கடிதத்தையும் ஏற்றினால் எந்த வைரஸ் என்று "கிரிப்டோ ஷெரிஃப்" கண்டுபிடித்துச் சொல்லும். தீர்வு இருந்தால் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் எங்கே புகார் செய்வது என்ற வழியும் இருக்கும். ஆரம்பத்தில் நான்கே கருவிகள். 2022-ல் ஆறு வயது ஆனபோது 136 கருவிகள், 37 மொழிகள், 188 கூட்டாளிகள், பலன் பெற்றவர்கள் 15 லட்சத்துக்கு மேல் என்று யூரோபோல் கணக்குச் சொன்னது. அறிவுரைகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்: பேக்கப் எடு, தெரியாத இணைப்பைத் திறக்காதே, பணம் கொடுக்காதே. ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. சாவியைப் போடும் முன் வைரஸை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் திறக்கத் திறக்க அது பின்னாலேயே பூட்டிக்கொண்டு வரும்.

சரி, எல்லாம் சுபம் என்று இங்கே முடித்திருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதானே?

2018 ஜனவரியில் கேண்ட்கிராப் வந்தது. இதை எழுதியவர்கள் தங்கள் கட்டுப்பாட்டு சர்வர்களுக்கு வைத்த பெயர்களில் ஒன்று "நோ மோர் ரான்சம்". இன்னொன்று ருமேனியக் காவல்துறையின் பெயர். யார் தங்களைத் துரத்துகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதைக் கிண்டலும் செய்கிறார்கள். பிப்ரவரி இறுதியில் ருமேனியப் போலீஸும் பிட்டிஃபெண்டர் நிறுவனமும் யூரோபோலும் சேர்ந்து இலவசக் கருவியை வெளியிட்டார்கள். மார்ச்சிலேயே கேண்ட்கிராப்பின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, பழைய கருவி அதனிடம் செல்லாது. அடுத்த கருவி, அடுத்த பதிப்பு என்று ஒன்றரை ஆண்டு இப்படியே ஓடியது. போலீஸ் கொடுத்த ஒவ்வொரு உதவியும் எங்கே ஓட்டை என்று திருடனுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது.

நடுவில் ஒரு சம்பவம். 2018 அக்டோபரில் சிரியாவைச் சேர்ந்த ஒரு தந்தை ட்விட்டரில் எழுதினார். போரில் இறந்துபோன தன் பிள்ளைகளின் படங்களை இந்த வைரஸ் பூட்டிவிட்டது, கேட்கிற பணம் தன்னிடம் இல்லை என்று. கேண்ட்கிராப் கும்பல் அதைப் படித்துவிட்டு, சிரியாக்காரர்களைத் தாக்கியது எங்கள் தவறு என்று சொல்லி, சிரியாவுக்கு மட்டும் எல்லாச் சாவிகளையும் வெளியிட்டது! சில நாட்களில் பிட்டிஃபெண்டரும் போலீஸ் அமைப்புகளும் மற்ற நாட்டினருக்கும் பயன்படும் கருவியைக் கொண்டுவந்தன. திருடன் மனம் இரங்கிய கதையாக இதைப் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் படத்தை இழந்த தந்தைகள் மற்ற நாடுகளிலும் இருந்திருப்பார்கள், அவர்கள் ட்விட்டரில் எழுதவில்லை, அவ்வளவுதான். அடுத்த பதிப்பும் வழக்கம்போல வந்தது. 2019 ஜூனில் "போதுமான அளவு சம்பாதித்துவிட்டோம்" என்ற பாணியில் அறிவித்துவிட்டுக் கடையை மூடினார்கள். ஜூலையில் எஃப்.பி.ஐ. மூலச் சாவிகளை வெளியிட்டபோது எதிரி களத்திலேயே இல்லை.

அப்படியென்றால் சாவி கிடைத்தாலும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, திருடனை முழுசாக மடக்கிய பிறகு கொடுக்கலாமே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

2021 ஜூலை 2. ரெவில் என்ற கும்பல் கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக, ஒரே வீச்சில் 800 முதல் 1,500 நிறுவனங்கள் வரை பூட்டிவிட்டது. சுவீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடியின் சுமார் 800 கடைகளில் பில் போடும் இயந்திரம் வேலை செய்யாமல் கதவை அடைத்தார்கள். நியூசிலாந்தில் சில பள்ளிகள் மாட்டிக்கொண்டன. எல்லாருக்கும் சேர்த்துத் திறக்க 7 கோடி டாலர் என்று பேரம். ஜூலை 13 அன்று ரெவில் கும்பலின் தளங்கள் திடீரென்று மறைந்துபோயின. இப்போது பணம் கொடுக்கலாம் என்றாலும் வாங்க ஆள் இல்லை. ஜூலை 22 அன்று, "நம்பிக்கைக்குரிய மூன்றாம் தரப்பிடமிருந்து" சாவி கிடைத்துவிட்டதாக கசேயா அறிவித்தது.

அந்த மூன்றாம் தரப்பு யார் என்பது செப்டம்பரில்தான் வெளியே வந்தது. வாஷிங்டன் போஸ்ட் எழுதியது: சாவி எஃப்.பி.ஐ.யிடம் இருந்தது, கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. ரெவில் சர்வருக்குள் நுழைந்து எடுத்திருக்கிறார்கள். உடனே கொடுத்தால் நாம் உள்ளே இருப்பது தெரிந்துவிடும், ஓடிவிடுவார்கள், அவர்களை முடக்கப் போட்ட திட்டம் பாழாகும் என்று வைத்திருந்தார்கள். அந்தத் திட்டம் நடப்பதற்குள் கும்பல் தானாகவே ஓடிவிட்டது. எஃப்.பி.ஐ. இயக்குநர் கிறிஸ்டோபர் ரே நாடாளுமன்றக் குழு முன்னால் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. இது தனியாக எடுக்கும் முடிவு இல்லை, மற்ற அமைப்புகளோடு சேர்ந்து எடுப்பது, கருவியைச் சோதிக்கவும் நேரம் ஆகும் என்றார்.

இதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. சாவி கையில் இருக்கிறது, வெளியே ஆயிரம் கடைக்காரர்கள் கணினி வல்லுநர்களுக்குக் காசு கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் வண்டியேதான்! ஆனால் கேண்ட்கிராப் கதையையும் படித்துவிட்டதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. கொடுத்திருந்தால் இந்த ஆயிரம் பேர் தப்பித்திருப்பார்கள், அடுத்து மாட்டவிருந்த ஆயிரம் பேர்? அவர்கள் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்தவர்களின் நஷ்டத்தையும் பெயர் தெரியாதவர்களின் நஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். மூன்று வாரம் அதிகம் என்பதே என் கட்சி. மூன்று நாள் என்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டால், பதில் தெரியவில்லை.

கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவோம். 2022-ல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் படங்கள் சேமிக்கும் பெட்டிகளைப் பூட்டி 0.03 பிட்காயின் கேட்டது. பணம் வந்ததும் சாவி தானாகவே வந்துவிடும் ஏற்பாடு. ஆனால் பணம் உறுதியாகும்வரை அது காத்திருக்கவில்லை, அனுப்பியது கண்ணில் பட்டாலே சாவியை நீட்டிவிடும். இதை ரெஸ்பாண்டர்ஸ் என்ற டச்சு நிறுவனம் கண்டுபிடித்துப் போலீஸிடம் சொன்னது. பிட்காயின் வலையமைப்பு நெரிசலாக இருக்கும் நேரம் பார்த்து, மிகக் குறைந்த கட்டணத்தில் டச்சு போலீஸ் பணத்தை அனுப்பியது. சாவி வந்தது. உறுதியாவதற்குள் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டது. மறுபடி அனுப்பு, சாவியை வாங்கு, இழு. திருடன் முழித்துக்கொண்டு வழியை அடைப்பதற்குள் 155 சாவிகள் தேறிவிட்டன. பட்டியலில் முன்னால் இருந்தவர்கள் யார் தெரியுமா? போலீஸில் புகார் கொடுத்து வைத்திருந்தவர்கள். புகார் கொடுக்காதவன் பூட்டப்பட்டிருக்கிறான் என்று போலீஸுக்கு எப்படித் தெரியும்?

கசேயாவில் பட்ட சூடு அடுத்த வழக்கில் தெரிகிறது. 2022 ஜூலையில் எஃப்.பி.ஐ. ஹைவ் என்ற கும்பலின் வலையமைப்புக்குள் நுழைந்தது. இந்த முறை சாவியைத் தளத்தில் வைக்கவும் இல்லை, பெட்டியில் பூட்டவும் இல்லை. ஹைவ் யாரைத் தாக்குகிறது என்று உள்ளிருந்தே பார்த்து, தாக்கப்பட்டவரைத் தேடிப் போய் ரகசியமாகக் கொடுத்தார்கள். ஏழு மாதம் இப்படி நடந்தது. அப்போது தாக்குதலில் சிக்கியிருந்தவர்களுக்கு 300-க்கு மேல், முன்பே மாட்டியவர்களுக்கு 1,000-க்கு மேல். 13 கோடி டாலர் திருடனுக்குப் போகாமல் நின்றது என்று 2023 ஜனவரி 26 அன்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. ஜெர்மனி, நெதர்லாந்து போலீஸாரும் இதில் உடன் இருந்தார்கள். அன்று ரே சொன்ன ஒரு கணக்கு எனக்கு மறக்கவில்லை. ஹைவிடம் மாட்டியவர்களில் போலீஸில் சொன்னவர்கள் சுமார் 20 சதவீதம்தான். மற்றவர்களை எல்லாம் போலீஸ்தான் திருடனின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஏன் சொல்லவில்லை? மானம் போகும், வாடிக்கையாளர் போய்விடுவார், "போலீஸ் என்ன செய்துவிடப் போகிறது" என்ற எண்ணம். நம்மூரில் சைக்கிள் தொலைந்தால் நாமும் இதைத்தானே சொல்கிறோம்.

2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போலீஸ் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து லாக்பிட் என்ற கும்பலின் தளத்தையே கைப்பற்றின. திருடர்கள் தாங்கள் சூறையாடியவர்களின் பெயர்களை நேரக்கெடு வைத்து மாட்டியிருந்த அதே பலகையில், அதே வடிவத்தில், போலீஸ் தன் அறிவிப்புகளை மாட்டியது. ஜப்பான் போலீஸ் எழுதிய மீட்புக் கருவி "நோ மோர் ரான்சம்" தளத்தில் ஏறியது. தொடக்கத்தில் 1,000 சாவிகள் என்றார்கள். ஜூன் மாதம் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் மேடையில் சொன்ன எண் 7,000-க்கு மேல்.

இந்த முறை கெஞ்சியது போலீஸ். லாக்பிட்டிடம் மாட்டியிருக்கலாம் என்று சந்தேகம் இருப்பவர்கள் தயவுசெய்து எங்கள் இணையப் படிவத்தை நிரப்புங்கள், உங்கள் சாவி எங்களிடம் இருக்கலாம் என்று. மரத்தடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, சங்கிலி அவிழ்த்தாகிவிட்டது, உரியவர்கள்தான் வாசல்வரை வரவில்லை.